மங்கிய மஞ்சள்

ஷியாம்பஜாரில் பொழுது விடிவதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடுகிறது. டாக்காவின் பழைய நகரத்தில், புரிகங்கை ஆற்றின் வடகரையில், சதர்காட் படகுத்துறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் மொத்த விற்பனைச் சந்தை இது. வெங்காயம், பூண்டு, இஞ்சி, காய்ந்த மிளகாய், மஞ்சள் என்று எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. சுமைக்காரர்கள் எதிரே வந்தால் ஒதுங்க இடமில்லை, சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். சந்தையை ஒட்டியே ரூப்லால் ஹவுஸ் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு மாளிகை நிற்கிறது. அதன் உயர்ந்த தூண்களுக்கு நடுவே மசாலா வியாபாரிகள் குடியேறிப் பல காலம் ஆகிறது.

மஞ்சள் கடைகள் எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. வாசனையே வழி சொல்லிவிட்டது. ஈரோட்டுக்குத் தெற்கே, சிவகிரிப் பக்கத்து மஞ்சள் காட்டில் வளர்ந்தவள் நான். வேக வைத்த கிழங்கு களத்தில் காய்கிற வாடையை எந்த ஊரில் விட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன். கடை வாசலில் திறந்து வைத்திருந்த சாக்கில் கைவிட்டு ஒரு விரலி மஞ்சளை எடுத்துப் பார்த்தேன். மேல்தோல் மங்கலாக, மண் படிந்தது போன்ற பழுப்பில் இருந்தது. ஒடித்தால் உள்ளே ஆரஞ்சு கலந்த நல்ல நிறம். இந்த மங்கலைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

2019 வரை இங்கே வந்திருந்தால் வேறு மஞ்சளைப் பார்த்திருப்பேன். அப்போது மூட்டைக்குள் கிழங்குகள் பளபளவென்று மின்னும். தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். அந்தப் பொடி மஞ்சளிலிருந்து வந்ததல்ல. லெட் குரோமேட் என்ற ஈயமும் குரோமியமும் சேர்ந்த சாயம் அது. பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நிறம் கொடுப்பது. பியூரி என்றும் பாசந்தி ரங் என்றும் உள்ளூர்ப் பெயர்களில் சந்தையில் தாராளமாகக் கிடைத்தது.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஆய்வாளர்கள் ஒன்பது மாவட்டங்களில் ஆலைக்காரர்களையும் வியாபாரிகளையும் கேட்டிருக்கிறார்கள். பதில் 1980களின் பெருவெள்ளத்துக்குக் கொண்டுபோய் விட்டது. நனைந்த மஞ்சள் சரியாகக் காயாமல் கறுத்துப்போக, அதை விற்றாக வேண்டிய கட்டாயத்தில் யாரோ சாயத்தைப் போட்டார்கள். வாங்குகிறவர்களுக்கு அந்த மினுமினுப்பு பிடித்துப்போனது. வெள்ளம் வடிந்தது, சாயம் வடியவில்லை. பூச்சி அரித்த கிழங்கையும் அது மறைத்தது, பழைய சரக்கையும் புதிதாக்கியது. ஒரு தலைமுறை முழுவதும் சோற்றோடு அதைத் தின்று வளர்ந்தது.

டாக்காவின் மொஹாகாலி பகுதியில் ஐசிடிடிஆர்,பி என்று எல்லோரும் அழைக்கிற ஆய்வு மையம் இருக்கிறது. காலராவுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பலன் தருவதை 1968-இல் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த இடம். மஞ்சளின் கதையும் அங்கேதான் அவிழ்ந்தது. அந்த மையமும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து கிராமத்துக் கர்ப்பிணிகள் 430 பேரின் ரத்தத்தைச் சோதித்தன. அவர்களில் 31 சதவீதம் பேருக்கு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. அந்தக் கிராமங்களில் தொழிற்சாலை இல்லை, ஈயக் குழாய் இல்லை, பெயின்ட் அடித்த சுவர்கூட அதிகமில்லை. பூச்சிமருந்தைச் சந்தேகித்தார்கள். தானியம் போட்டு வைக்கும் தகர டின்களின் பற்றவைப்பைச் சந்தேகித்தார்கள். கர்ப்ப காலத்தில் பெண்கள் தின்னும் சுட்ட மண்ணையும் விடவில்லை. கடைசியில் ஜென்னா ஃபோர்சித் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஈயத்தின் ஐசோடோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு தாதுவிலிருந்து வரும் ஈயத்துக்கும் தனித்தனி விகித அடையாளம் உண்டு. பெண்களின் ரத்தத்தில் இருந்த அடையாளம் மஞ்சளில் இருந்ததோடு பொருந்தியது. 2019-இல் இந்த முடிவுகள் வெளிவந்தன.

அதன்பிறகு நடந்ததை ஷியாம்பஜாரில் இன்றும் நினைவோடு சொல்கிறார்கள். வங்கதேச உணவுப் பாதுகாப்பு ஆணையம் முதலில் அறிவிப்புகளை அச்சிட்டுச் சந்தைகளில் ஆயிரக்கணக்கில் விநியோகித்தது. மஞ்சளில் சாயம் கலப்பது குற்றம், அது ஈயம், அது பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும் என்று எழுதி ஒட்டினார்கள். பிறகு நடமாடும் நீதிமன்றத்தோடு அதிகாரிகள் வந்தார்கள். கையில் எக்ஸ்ரே கருவி. துப்பாக்கி போலப் பிடித்துக் கிழங்கின் மேல் வைத்தால், உள்ளே என்னென்ன உலோகம் எவ்வளவு என்று நின்ற இடத்திலேயே காட்டிவிடும். சாயம் கலந்த சரக்கு வைத்திருந்த இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு 8 லட்சம் டாக்கா அபராதம். சுமார் 900 கிலோ மஞ்சள் பறிமுதல். தொலைக்காட்சி கேமராக்கள் எல்லாவற்றையும் படம்பிடித்தன, அன்று இரவே நாடு முழுக்கப் பார்த்தது.

"அதற்கு முன் வந்த காகிதத்தை யாரும் சட்டை செய்யவில்லை" என்றார் ஒரு கடைக்காரர். "அந்த மிஷின் வந்த மறுநாள் எல்லோரும் படித்தார்கள்."

2019-இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2020-இல் அது 5 சதவீதம். 2021-இல் பூஜ்யம். மஞ்சள் ஆலைத் தொழிலாளர்களின் ரத்த ஈயமும் ஏறத்தாழ 30 சதவீதம் இறங்கியது. பொதுச் சுகாதாரத்தில் இவ்வளவு குறைந்த காலத்தில், இவ்வளவு குறைந்த செலவில் கிடைத்த வெற்றிகள் மிகச் சில. தெற்காசியாவில் ஒவ்வொரு பள்ளிப் பாடநூலிலும் இது இடம்பெற வேண்டும் என்பேன்.

வடமேற்கே நாட்டோர் மாவட்டத்துக்குப் பேருந்தில் போனேன். ஜமுனா ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது ஆறு எங்கே முடிகிறது, மணல்திட்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. 1998-இல் கட்டிய அந்தப் பாலம் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. மாசி மாத வெயிலில் சாலையோரமெல்லாம் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குத் துணையாக வந்த களப்பணியாளர் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கிராமம் கிராமமாகப் போய் ஈயத்தைப் பற்றி எடுத்துச் சொல்வது அவள் வேலை. "ஆபா (அக்கா), உங்கள் ஊரிலும் இப்படித்தான் காயப்போடுவார்களா?" என்று கேட்டாள். அப்படியேதான் என்றேன்.

ஆலை என்றால் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பாலிஷ் டிரம். காய்ந்த மஞ்சளை டிரம்மில் போட்டுச் சுற்றினால் ஒன்றோடொன்று உரசித் தோலும் வேரும் கழியும். எங்கள் பக்கத்திலும் இதே டிரம்தான். கடைசிச் சுற்றில் மஞ்சள் பொடியையே தண்ணீரில் கரைத்துத் தெளித்து நிறம் ஏற்றுவது பழைய முறை. இங்கே அந்த இடத்தில்தான் பியூரி புகுந்தது.

ஆலைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல். தான் சாயம் போட்டதை அவர் மறைக்கவில்லை. "டாக்காவிலிருந்து வரும் வியாபாரி கிழங்கை ஒடித்துப் பார்க்க மாட்டார். எட்ட நின்று மூட்டையைப் பார்ப்பார். மின்னவில்லை என்றால் விலையைக் குறைப்பார். நான் போடாவிட்டால் பக்கத்து ஆலைக்காரன் போட்டுவிடுவான்." டிரம்முக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பொடியை அள்ளிப்போட்ட ஆட்களுக்கு அது ரங், அதாவது சாயம், என்று தெரியும், ஈயம் என்று தெரியாது. தூசி பறக்கும் கொட்டகையில் முகத்தில் துணிகூடக் கட்டாமல் நின்றார்கள். மாலையில் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினார்கள்.

இப்போது வியாபாரிகள் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்தேன். "இப்போது மின்னினால்தான் சந்தேகப்படுகிறார்கள்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் அந்த நாட்டின் முழு முயற்சியும் அடங்கியிருக்கிறது என்று எனக்குப் பட்டது. சாயம் கலந்தவரைப் பிடித்தது ஒரு பாதி. பளபளப்பைக் கேட்டு வாங்கிய கண்ணை மாற்றியது மறுபாதி. வியாபாரி வீட்டுக்காரியின் கண்ணைப் பார்த்து வாங்கினார், ஆலைக்காரர் வியாபாரியின் கண்ணைப் பார்த்துச் சாயம் போட்டார். செய்தித்தாளும் தொலைக்காட்சியும் அந்த வரிசையின் எல்லா முனைகளுக்கும் ஒரே சமயத்தில் ஒரே சேதியைக் கொண்டுபோனதால்தான் யாருக்கும் இதில் தனியாக நட்டம் வரவில்லை. பக்கத்து ஆலைக்காரரும் நிறுத்திவிட்டார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் இவரும் நிறுத்துவார்.

நம் ஊருக்கும் இதில் வேலை இருக்கிறது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் வாங்கிய மஞ்சளைச் சோதித்த ஆய்வு 2024-இல் வெளியானது. பாட்னா, கராச்சி, பெஷாவர் ஆகிய ஊர்களின் மாதிரிகளில் கிராமுக்கு 1,000 மைக்ரோகிராமுக்கும் மேல் ஈயம் இருந்தது. இந்தியாவில் சட்டம் அனுமதிக்கும் அளவு 10. லெட் குரோமேட் மஞ்சளில் அறவே இருக்கக் கூடாது என்றும் நம் விதி சொல்கிறது. விதி டாக்காவிலும் இருந்தது. சந்தைக்குள் கருவியோடு ஆள் வந்தபிறகுதான் அதற்கு உயிர் வந்தது.

ஈயம் ஏன் குழந்தைகளை இப்படி வதைக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடம்பு ஈயத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் பிரித்தறியாது. கால்சியம் போகிற வழியிலேயே ஈயமும் போய்விடும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் நான்கைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சுகிறார்கள். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளையின் உடம்பு இன்னும் அதிகமாக வாங்கிக்கொள்ளும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரட்டை அடி இது. எலும்பில் சேர்ந்த ஈயம் ஆண்டுக்கணக்கில் தங்கும். பெண் கருவுற்றால் எலும்பிலிருந்து கரைந்து கருவுக்கும் போகும். காய்ச்சல் வராது, தடிப்பு வராது. பிள்ளை கொஞ்சம் மந்தமாக இருக்கும், பாடத்தில் கவனம் நிற்காது, சட்டென்று கோபம் வரும். வாத்தியார் சோம்பேறி என்பார், வீட்டில் அடி விழும். யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு, அதாவது சுமார் 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருக்கிறது. அதில் 27 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தியப் பிள்ளைகள். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

திரும்பும் வழியில் டாங்காயில் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இறங்கினோம். அங்கே ஒரு பேட்டரி உருக்கும் உலை இருந்தது. ஊரார் எதிர்த்ததால் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். வங்கதேசம் முழுக்க ஈஸி பைக் என்ற மின்சார ஆட்டோக்கள் லட்சக்கணக்கில் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் நான்கைந்து ஈய பேட்டரிகள், அதிகம் போனால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு உழைக்கும். செத்த பேட்டரியை வாங்கி, ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் குழி வெட்டி, கரி போட்டு, இரவில் உருக்குகிறார்கள். புகை அடங்கினாலும் தூசி போவதில்லை. மண்ணில் படிந்த ஈயம் மக்காது, கரைந்து மறையாது. இந்த ஊரில் மேய்ந்த மாடுகள் செத்துவிழுந்த பிறகுதான் விழித்துக்கொண்டதாகப் பெண்கள் சொன்னார்கள்.

ஒரு வீட்டின் முற்றத்தில் பாய் விரித்து இருபது பெண்கள்வரை உட்கார்ந்தார்கள். முற்றத்துக் கூட்டம் இந்த நாட்டுக்குப் பழகிப்போன முறை. 1980 முதல் 1990 வரை பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் சுமார் 1.2 கோடி வீடுகளுக்கு நடந்தே போய், மூன்று விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று வயிற்றுப்போக்குக் கரைசலைக் கரைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்தவளின் சம்பளமே, பிறகு வேறொருவர் வந்து சோதிக்கும்போது அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பதைப் பொறுத்திருந்தது. சொல்லிக்கொடுப்பது எப்படி என்று உலகத்துக்கே காட்டிய நாடு இது.

களப்பணியாளர் படச்சுருளைப் பிரித்துப் பேசத் தொடங்கினாள். சாப்பிடும் முன் பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தரையைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வேலைச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள். செருப்பை வெளியே விடுங்கள். பழைய உலோகத்தை உருக்கி வார்த்த அலுமினியப் பாத்திரத்தில் புளிப்பானதைச் சமைக்காதீர்கள். சுர்மாவைக் குழந்தை கண்ணில் இடாதீர்கள். முள்ளோடு தின்னும் மோலா மீன், சேப்பங்கீரை, பருப்பு, எலுமிச்சை கொடுங்கள். எல்லாம் சரியான அறிவுரைகள். அவள் சொன்ன விதமும் அழகு. யாரையும் குற்றவாளியாக்கவில்லை.

ஆனாலும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. வயிற்றுப்போக்குக்கு மருந்து தாயின் அடுக்களையிலேயே இருந்தது. அவள் கற்றுக்கொண்டாள், பிள்ளை பிழைத்தது. ஈயம் அப்படிப்பட்டதல்ல. அது அவள் வீட்டில் உண்டாவதில்லை, அவள் துடைத்துத் தீர்வதுமில்லை. தூசியைத் துடைக்கச் சொல்வதும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வதும் மட்டும் குழந்தைகளின் ரத்த ஈயத்தைக் குறைத்தனவா என்று உலகின் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது காக்ரேன் மறுஆய்வு. குறைத்ததற்குச் சான்று இல்லை என்பதே அதன் முடிவு. மாறாக, டாக்காவுக்கு அருகே சாவார் வட்டாரத்தில் காத்கோரா என்ற ஊரில், பழைய பேட்டரி உலை இருந்த இடத்தின் நச்சு மண்ணைச் சுரண்டி எடுத்துப் புதைத்தார்கள், சுத்தமான மண் போட்டு மூடினார்கள், வீடுகளையும் கழுவிச் சுத்தம் செய்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு சோதித்தபோது பிள்ளைகளின் ரத்த ஈயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதற்காகக் கை கழுவச் சொல்ல வேண்டாம் என்பதல்ல. கை கழுவச் சொல்லிவிட்டு மண்ணை அப்படியே விட்டுவிட்டால், நாளை பிள்ளை படிப்பில் பின்தங்கும்போது தாய் தன்னையே நொந்துகொள்வாள். அந்தப் பாவத்தை அவள் தலையில் ஏற்ற யாருக்கும் உரிமையில்லை.

பின்வரிசையில் மடியில் குழந்தையோடு இருந்த ஒரு பெண் கேட்டாள்: "ஆபா, இவன் ஏற்கெனவே அந்த மண்ணில்தான் விளையாடினான். உள்ளே போனது போய்விட்டது. இனி என்ன செய்வது?"

களப்பணியாளர் பொய் சொல்லவில்லை. அளவு மிக அதிகமாக இருந்தால் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்றலாம். மூளைக்கு ஏற்கெனவே ஆன கேட்டை அந்த மருந்தாலும் சரிசெய்ய முடியாது. ஆனால் ஈயம் வரும் வழியை அடைத்தால் ரத்தத்தில் அது இறங்கும், இனிமேல் ஆகும் கேடு நிற்கும். நல்ல சாப்பாடு கொடுங்கள், நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள், பள்ளிக்கூடத்தில் பின்தங்கினால் அடிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இன்னொன்றையும் கேட்டாள். "இதையெல்லாம் எங்களிடம் சொல்கிறீர்கள். என் வீட்டுக்காரர்தான் ஈஸி பைக் ஓட்டுகிறார். பேட்டரியை விற்பது அவர். அவரிடம் யார் சொல்வது?"

கூட்டத்தில் இருந்த மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஸ்டாண்டுக்குப் போங்கள், தேநீர்க் கடைக்குப் போங்கள், ஜும்மா தொழுகை முடிந்ததும் இமாமைப் பேசச் சொல்லுங்கள். படச்சுருளில் இல்லாத பாடத்தை அந்தப் பெண்களே சொல்லிக்கொடுத்தார்கள்.

மறுநாள் காலை கடைவீதி ஸ்டாண்டுக்குப் போனோம். ஓட்டுநர்கள் வண்டியை விட்டு இறங்காமலேயே முதலில் கேட்டார்கள். மாடுகள் செத்த கதை வந்ததும் இறங்கி வந்தார்கள். ஈயம் கெடுதல் என்பதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. அவர்களுடைய பேச்சு விலையில் போய் நின்றது. செத்த பேட்டரியை முறைப்படி கம்பெனி டீலரிடம் திருப்பிக் கொடுத்தால் ஒரு விலை, வாசலுக்கே வந்து வாங்கிப்போகும் உலைக்காரரிடம் கொடுத்தால் அதைவிடக் கூடுதல், அதுவும் கையில் ரொக்கம். ஒரு வண்டிக்கு ஒரு தடவை பேட்டரி மாற்றுவதற்குள் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. "அந்த வித்தியாசத்தை யார் தருவார்கள்? டீலர் தருவாரா, அரசாங்கம் தருமா?" என்று கேட்டார் ஸ்டாண்டின் தலைவர். நியாயமான கேள்வி. டிரம்மில் சாயத்தைப் போட்ட அந்த ஆலைக்காரரும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருந்தார்.

களப்பணியாளர் இரண்டு விலைகளையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். பக்கத்து ஸ்டாண்டுகளில் என்ன விலை என்றும் விசாரித்து எழுதினாள். அடுத்த வாரம் உபஜிலா (வட்ட) அலுவலகத்தில் நடக்கும் கூட்டத்தில் டீலர்களையும் உட்காரவைத்து இந்த எண்களைத்தான் முதலில் பேசப்போவதாகச் சொன்னாள். தலைவர் தானும் வருவதாகச் சொல்லி, கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.